பொது மென்பொருளுக்கு நிரல் வழங்குதல்

சித்தூரிலிருந்து பலமநேர் வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் பங்காருபாளையம். மாம்பழப் பருவத்தில் சுற்றுவட்டாரத் தோப்புகளிலிருந்து தோதாபுரிக் காய்கள் இவ்வூர்ச் சந்தைக்கு வந்து குவிகின்றன. தமிழ்நாட்டில் கிளிமூக்கு என வழங்கும் இக்காய், கூழ் தயாரிக்கும் தொழிற்சாலைகளுக்குப் பெருமளவில் செல்கிறது. தெலுங்கு வழங்கும் பிரதேசமாயினும், எல்லைப்புறமாதலால் இங்குத் தமிழும் பேசப்படுகிறது. இத்தகைய ஊர்களில் பணியாற்றும் ஆசிரியர்களும் கள ஊழியர்களும் இன்று தங்கள் பதிவேடுகளைப் பெரும்பாலும் கைபேசியிலும் கணிப்பொறியிலும் எழுதுகின்றனர். அக்கருவிகளில் ஒரு குறை காணப்படின் அதனைத் திருத்துவது யார், எவ்வாறு என்பதே இக்கட்டுரையில் விளக்கப்படும் விஷயமாகும்.

எட்டும் பதினான்கும்

பங்காருபாளையம் என்னும் பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று ஆரம்பப் பள்ளி மாணவன் ஒருவனைக் கேட்டால், ப, ங், கா, ரு, பா, ளை, ய, ம் என எண்ணி, எட்டு என்று கூறுவான். அதே கேள்வியைச் சாதாரணமான ஒரு நிரலிடம் கேட்டால் 14 என்னும் விடை கிடைக்கும். அப்பெயரைச் சேமிக்க வேண்டிய இடம் எவ்வளவு என்று கேட்டால் 42 பைட்டுகள் என்று வரும். மூன்று விடைகளும் சரியானவையே. அவை அளக்கும் பொருள்தான் வெவ்வேறு.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோட் என்னும் தரத்தில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. உயிரெழுத்துகள், அகரமேறிய மெய்கள், ஆய்தம், உயிர்மெய்க் குறிகள், புள்ளி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியெண் உண்டு. 247 எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியெண் இல்லை. எனவே 'ப' ஒரு குறியெண்; 'ங்' என்பது ங, புள்ளி என இரண்டு; 'கா' என்பது க, கால் என இரண்டு. இவ்வாறு எட்டெழுத்துப் பெயருக்கு 14 குறியெண்கள் வேண்டும். யு.டி.எஃப்-8 என்னும் பரவலான சேமிப்பு முறையில் ஒரு தமிழ்க் குறியெண் 3 பைட்டுகளைக் கொள்வதால், மொத்தம் 42 பைட்டுகள் ஆகின்றன.

இவ்வேறுபாட்டை அறியாதவர் எழுதிய நிரலால் விளையும் இடர் சிறிதன்று. ஊர்ப் பெயருக்கு 40 பைட்டுகள் போதும் என ஒருவர் வரம்பிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பங்காருபாளையம் என்று எழுதியவுடன் கடைசிப் புள்ளி அறுபட்டு, 'பங்காருபாளையம' என்பதுடன் பொருளற்ற ஒரு துண்டும் பதிவில் நிற்கும். பட்டியலிலுள்ள பெயருடன் அது பொருந்தாது. அப்பதிவுக்கு உரிய விவசாயியின் விண்ணப்பம் ஒதுக்கப்படவும் கூடும். நிரலை எழுதியவர் வேறு மொழியினராயின், இக்குறை அவர் கண்ணில் படுவதற்கு வழியே இல்லை. அதனைக் காண்பவர், களத்தில் அப்பெயரை எழுதுகின்றவரே.

திறந்த மூலம் என்பது யாது?

மனிதர் எழுதும் வடிவில் உள்ள நிரலுக்கு மூலநிரல் என்று பெயர். மென்பொருள்களுள் பல, மூலநிரல் மறைக்கப்பட்டு, இயங்கும் வடிவில் மட்டும் விற்கப்படுகின்றன. அவற்றில் குறை காண்பவர் முறையிடலாம்; திருத்த இயலாது. மூலநிரலை எவரும் படிக்கவும், நகலெடுக்கவும், மாற்றவும், மாற்றியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமை அளிக்கப்பட்ட மென்பொருளே திறந்த மூல மென்பொருள் எனப்படுகிறது.

இவ்வியக்கத்தின் வரலாறு சுருக்கமானது. அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். அத்திட்டத்தின் பொது உரிமம் 1989இல் வெளிவந்தது. 1991இல் பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவகத்தை வெளியிட்டார். இன்று ஆண்ட்ராய்டு கைபேசி ஒவ்வொன்றிலும் அக்கருவகமே இயங்குகிறது. ஆகவே, கைபேசியில் கணக்கெடுப்பு நடத்தும் கள ஊழியர், தாம் அறியாமலே இப்பொது உழைப்பின் பயனைத் துய்த்து வருகிறார்.

இந்திய அரசும் மின் ஆளுகையில் திறந்த மூல மென்பொருளைக் கைக்கொள்வதற்கான கொள்கையை 2015இல் வெளியிட்டது. கொரோனா நோய்த் தொற்றின்போது பயன்படுத்தப்பட்ட ஆரோக்கிய சேது செயலியின் ஆண்ட்ராய்டு மூலநிரல் 2020 மே மாதத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

திறந்த மூலம் என்பதால் உரிமையாளர் இல்லை என்று கருதுதல் தவறு. ஒவ்வொரு தொகுப்பும் ஓர் உரிமத்துக்கு உட்பட்டது. எம்.ஐ.டி. உரிமம், காப்புரிமைக் குறிப்பை நீக்காதிருத்தல் என்னும் எளிய நிபந்தனையுடன் எவ்விதப் பயனுக்கும் இடமளிக்கிறது. குனு பொது உரிமமோ, மாற்றிய நிரலைப் பிறருக்கு வழங்குவோர் அதே உரிமத்தின்கீழ் மூலத்துடன் வழங்கவேண்டும் என விதிக்கிறது. நிரல் வழங்க முன்வருபவர் முதலில் படிக்கவேண்டியது உரிமத்தையே.

தமிழ் எழுத்துக்கென ஒரு தொகுப்பு

மேலே கூறிய எழுத்தெண்ணும் சிக்கலுக்கு விடை காணும் பொதுத் தொகுப்பு ஒன்று உள்ளது. 'ஓப்பன்-தமிழ்' என்னும் பெயருடைய அது, பைத்தான் மொழியில் எழுதப்பட்டு எம்.ஐ.டி. உரிமத்தின்கீழ் வழங்கப்படுகிறது. தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத உதவும் 'எழில்' என்னும் கணினி மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை 2013இல் இதனைத் தொடங்கினார். பின்னர், வெவ்வேறு நாடுகளில் வாழும் தன்னார்வலர் பலர் இதில் தங்கள் உழைப்பைச் சேர்த்துள்ளனர். சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்தல், எண்ணைச் சொல்லாக எழுதுதல், யூனிகோடுக்கு முந்திய குறியீட்டு முறைகளில் உள்ள கோப்புகளை மாற்றுதல் முதலிய பணிகளுக்கு இதில் நிரல்கள் உள்ளன.

பங்காருபாளையம் என்னும் சொல்லை இத்தொகுப்பிடம் கொடுத்தால் எட்டு எழுத்துகள் பிரிந்து வருகின்றன. இலக்கணம் அறிந்த தமிழ் மாணவனின் விடையும் இயந்திரத்தின் விடையும் இங்கு ஒன்றாகின்றன. ஒருவர் ஒருமுறை எழுதிச் சரிபார்த்த இந்நிரலைப் பிறர் மீண்டும் எழுதவேண்டியதில்லை. பாட நூல் செயலி செய்பவரும், வாக்காளர் பட்டியலை ஆராய்பவரும், சொல் விளையாட்டு அமைப்பவரும் அதனையே எடுத்தாளலாம்.

திருத்தம் செல்லும் வழி

நிரல் வழங்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். தோட்டக் கணக்கெடுப்புக்கான ஒரு திறந்த மூலச் செயலியில் தோதாபுரி என்று தேடினால், பதிவுகளில் ஒரு பகுதி மட்டுமே வருகிறது என்று கொள்வோம். இதற்குக் காரணம் உண்டு. 'தோ' என்னும் எழுத்தைத் த, ஓகாரக் குறி என இரண்டு குறியெண்களாலும் எழுதலாம். த, ஏகாரக் குறி, கால் என மூன்றாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் தோதாபுரி என்னும் சொல் ஒரு கோப்பில் 8 குறியெண்களாகவும் மற்றொன்றில் 9 குறியெண்களாகவும் இருக்கும். அப்படியே ஒப்பிடும் நிரல் இவ்விரண்டையும் வேறு வேறு எனக் கருதிவிடும். இவ்விரு வடிவங்களையும் ஒன்றாக்கும் சீராக்க முறையை யூனிகோட் தரமே வகுத்துள்ளது. நிரலில் அது விடுபட்டுள்ளது. இதனைத் திருத்தும் பணி கீழ்க்கண்ட படிகளில் நடைபெறும்:

(1) குறையைப் பதிதல். திட்டத்தின் குறைப் பதிவேட்டில் முன்பே இக்குறை எழுதப்பட்டுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். இல்லையெனில், செய்தது யாது, எதிர்பார்த்தது யாது, நேர்ந்தது யாது என்னும் மூன்றையும், செயலியின் பதிப்பு எண்ணையும் குறிப்பிட்டு எழுதவேண்டும்.

(2) நகலெடுத்தல். மூலநிரலின் முழு நகல் ஒன்றைத் தம்மிடம் எடுத்துக்கொண்டு, அதில் இத்திருத்தத்துக்கென ஒரு கிளையைத் தனியே அமைக்கவேண்டும். இதற்கு கிட் என்னும் கருவி பெரிதும் உபயோகிக்கப்படுகிறது. லினக்ஸ் பணிக்காக டோர்வால்ட்ஸ் 2005இல் இதனை உருவாக்கினார். எந்த வரியை எவர், எப்போது மாற்றினார் என்னும் விவரம் முழுவதையும் இக்கருவி காத்து வைக்கிறது.

(3) திருத்துதல். தேடும் சொல்லையும் பதிவிலுள்ள சொல்லையும் ஒப்பிடுமுன் இரண்டையும் சீராக்கும் வரி சேர்க்கப்படுகிறது. அருகிலுள்ள வேறு வரிகள் அழகாக இல்லை என்பதற்காக அவற்றையும் மாற்றுதல் கூடாது. ஒரு திருத்தம் ஒரு காரியத்தையே செய்யவேண்டும்.

(4) சோதனை எழுதுதல். 8 குறியெண் வடிவத்தைக் கொண்டு தேடினால் 9 குறியெண் வடிவமும் கிடைக்கிறதா என்று தானே பார்க்கும் சிறு நிரல் ஒன்றும் உடன் வைக்கப்படுகிறது. பிற்காலத்தில் எவரேனும் அவ்வரியை அறியாமல் நீக்கினால் இச்சோதனை தவறிக் குறையை உடனே காட்டிவிடும்.

(5) விளக்கத்துடன் சமர்ப்பித்தல். மாற்றியது யாது என்பது நிரலிலேயே தெரியும். மாற்றியது ஏன் என்பதை வாக்கியங்களில் எழுதவேண்டும். தமிழ் அறியாத பரிசீலகருக்கு 'தோ' என்னும் எழுத்தின் இருவகை அமைப்பு விளங்குமாறு அது அமையவேண்டும்.

(6) பரிசீலனை. திட்டத்தின் பராமரிப்பாளர் வரிவரியாகப் படித்து வினாக்கள் எழுப்புவார். தெலுங்கில் ஐகாரக் குறியும் இரு பகுதிகளாகப் பிரியக்கூடியதாயிற்றே, அதற்குச் சோதனை எங்கே என்று அவர் கேட்கலாம். அது குற்றச்சாட்டன்று. அவ்வினாவினால் சித்தூர் மாவட்டத் தெலுங்குப் பதிவுகளும் சீர்பெறும்.

(7) இணைத்தல். ஐயங்கள் தீர்ந்தபின் திருத்தம் பொது நிரலில் சேர்க்கப்பட்டு, அடுத்த வெளியீட்டில் எல்லோரையும் அடைகிறது.

பரிசீலனையின் அவசியம்

நம் நாட்டில் பொது ஏரியைக் குடிமராமத்து முறையில் ஆயக்கட்டுதாரர்கள் தாமே பழுது பார்த்து வந்தது பலரும் அறிந்ததே. கரைக்கு மண் போடும் உரிமை அனைவருக்கும் உண்டெனினும், கரையை வெட்டும் உரிமை எவருக்கும் இல்லை. பொது நிரலுக்கும் இது பொருந்தும். பரிசீலனை தளர்ந்தால் விளையும் அபாயத்தை இரு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

வலைத்தொடர்புகளை மறைகுறியாக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் தொகுப்பில் 2011ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பங்களிப்பு ஏற்கப்பட்டது. அனுப்பப்பட்ட தரவின் நீளம் இவ்வளவு என்று மறுமுனை கூறுவதை அந்நிரல் சரிபாராமல் நம்பியது. நீளத்தை மிகையாகக் கூறியவருக்கு, நினைவகத்தில் இருந்த பிறருடைய இரகசியங்களும் ஒரு முறைக்கு 64 கிலோபைட்டு வரை சென்றன. எழுதியவரும் பரிசீலித்தவரும் அதனைக் காணவில்லை. 2014 ஏப்ரலில்தான் அது வெளிப்பட்டது. இது அறியாமல் நேர்ந்த பிழை.

மற்றொன்று அறிந்தே செய்யப்பட்டது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்னும் தொகுப்பில், ஈராண்டுகளுக்கு மேலாக உதவிவந்து நம்பிக்கை பெற்ற ஒருவர், 2024இன் தொடக்கத்தில் வெளியான இரு பதிப்புகளில் இரகசியக் கதவு ஒன்றைப் புகுத்தினார். தொலைவிலுள்ள கணிப்பொறியுள் நுழைய வழக்கத்தினும் ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர், காரணத்தைத் தேடிச் சென்று 2024 மார்ச் 29ஆம் நாள் அதனை வெளிப்படுத்தினார். பெரும்பாலான கணிப்பொறிகளுக்கு அப்பதிப்புகள் பரவுமுன் தடுக்கப்பட்டன.

மூலநிரல் திறந்திருந்ததனாலேயே காரணத்தைத் தேடிச் செல்லுதல் அவருக்கு இயன்றது. ஆயினும், திறந்திருத்தல் மட்டும் பாதுகாப்பாகாது. படிப்பவர் இருந்தால்தான் திறந்திருப்பதற்குப் பயன் உண்டு. உலகம் முழுவதும் உபயோகிக்கும் தொகுப்புகள் சிலவற்றை ஓரிருவரே பராமரித்து வருகின்றனர் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளல் வேண்டும்.

ஆசிரியரும் கள ஊழியரும் செய்யத்தக்கவை

நிரல் எழுத அறிந்தவர்க்கே இதில் இடமுண்டு என எண்ணவேண்டியதில்லை. தெளிவாக எழுதப்பட்ட ஒரு குறைப் பதிவு, திருத்தத்தின் பாதி வேலையை முடித்துவிடுகிறது. வட்டார ஊர்ப் பெயர்களும் பயிர்ப் பெயர்களும் அடங்கிய சோதனைச் சொற்பட்டியல் அளிப்பதும், செயலியின் சொற்களைப் பொருத்தமான தமிழில் பெயர்ப்பதும், பயன்படுத்தும் முறையை எழுதுவதும் பங்களிப்பே.

சில எச்சரிக்கைகளும் உண்டு. குறையைக் காட்டுவதற்காக விவசாயிகளின் பெயர், ஆதார் எண், கைபேசி எண், நிலத்தின் இருப்பிடம் ஆகியவை அடங்கிய பதிவுகளைப் பொதுப் பதிவேட்டில் இடுதல் கூடாது. கற்பனைப் பெயர்களையே வழங்கவேண்டும். ஊடுருவலுக்கு இடந்தரும் குறையாயின், அதனைப் பொதுவில் எழுதாமல் பராமரிப்பாளருக்குத் தனியே தெரிவித்தல் வேண்டும். அலுவலக நேரத்தில் எழுதிய நிரலை வெளியிடுமுன் மேலதிகாரியின் அனுமதி பெறுதல் முறையாகும்.

பள்ளியில் இதனைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர், மாணவரை அவரவர் ஊர்ப் பெயரைத் தாளில் எழுதச் செய்து, எழுத்துகளையும் குறியெண்களையும் பைட்டுகளையும் தனித்தனியே எண்ணச் செய்யலாம். பின்னர் அப்பெயரைத் தாம் பயன்படுத்தும் செயலியில் உள்ளிட்டு, அது முழுமையாக நிற்கிறதா, தேடினால் கிடைக்கிறதா எனச் சோதிக்கலாம். நில்லாத பெயர் ஒன்று கிடைக்குமாயின், மேற்கூறிய முதற்படிக்குரிய குறைப் பதிவை அவ்வகுப்பே எழுதிவிடலாம்.