குத்தகை விமானமும் காலாண்டு லாபமும்: ஜப்பானின் ஓரிக்ஸ் கணக்கில் ஐதராபாத்துக்கு என்ன தொடர்பு?

போவன்பள்ளி (ஐதராபாத்): விமானக் குத்தகை, கடன், காப்பீடு, மின் உற்பத்தி எனப் பல துறைகளில் இயங்கிவரும் ஜப்பானின் ஓரிக்ஸ் நிறுவனம், 2025-26 நிதியாண்டின் முதல் ஆறு மாதங்களில் சுமார் 27,110 கோடி யென் நிகர லாபம் ஈட்டியுள்ளது. இது முந்தைய ஆண்டின் இதே காலத்தைவிட 48 சதவீதம் அதிகம். 2025 நவம்பரில் இந்தக் கணக்கை வெளியிட்டபோது, முழு ஆண்டுக்கான நிகர லாபக் கணிப்பையும் 38,000 கோடி யென்னிலிருந்து 44,000 கோடி யென்னாக அந்நிறுவனம் உயர்த்தியது.

இந்த உயர்வுக்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று டோக்கியோவிலோ ஒசாகாவிலோ இல்லை. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிறுவனமான கிரீன்கோவில் தான் வைத்திருந்த பங்குகளில் பெரும்பகுதியை ஓரிக்ஸ் விற்றுவிட்டது. அந்த விற்பனையில் கிடைத்த ஆதாயம் இந்த அரையாண்டுக் கணக்கில் சேர்ந்துள்ளது.

அவ்வாறெனில், 48 சதவீத உயர்வு என்பதை நிறுவனத்தின் தொழில் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ளலாமா? குத்தகை நிறுவனங்களின் காலாண்டு முடிவுகளைப் படிக்கும்போது முதலில் எழ வேண்டிய கேள்வி இதுவே. ஒரு நிறுவனம் எவ்வளவு சம்பாதித்தது என்பதைவிட, அந்தப் பணம் வாடகையாக வந்ததா, சொத்தை விற்றதால் வந்ததா என்பது முக்கியம். வாடகை அடுத்த காலாண்டிலும் வரும். விற்ற சொத்தை மீண்டும் விற்க முடியாது.

குத்தகைக் கணக்கு இயங்கும் விதம்

போவன்பள்ளியை ஒட்டியுள்ள பேகம்பேட் விமான நிலையம் 2008 மார்ச் மாதம் வரை ஐதராபாத்தின் பயணிகள் விமான நிலையமாக இருந்தது. சம்ஷாபாத்தில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்ட பிறகு, வழக்கமான பயணிகள் சேவை அங்கு மாற்றப்பட்டது. 2016 ஏப்ரலில், சேவையிலிருந்து விலக்கப்பட்ட ஏர் இந்தியாவின் ஏ320 விமானம் ஒன்று, பயிற்சி மையத்தில் பயன்படுத்துவதற்காக பேகம்பேட்டிலிருந்து கிரேன் மூலம் எடுத்துச் செல்லப்பட்டபோது கிரேனுடன் கீழே விழுந்தது. இதில் எவரும் காயமடையவில்லை.

அதே பேகம்பேட்டில் 2024 ஜனவரியில் நடைபெற்ற ‘விங்ஸ் இந்தியா’ கண்காட்சியில், 150 போயிங் 737 மேக்ஸ் விமானங்களை வாங்கும் முடிவை ஆகாசா ஏர் அறிவித்தது. புதிய விமானத்தின் கொள்முதல் அறிவிப்பு, பறப்பதை நிறுத்திய விமானத்தின் கடைசிப் பயணம் ஆகிய இரண்டையும் கண்ட இடம் அது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சுமார் 25 ஆண்டுகளே குத்தகை நிறுவனத்தின் தொழில் களம்.

ஒரு எடுத்துக்காட்டைக் காணலாம். ஒரு குத்தகை நிறுவனம் 5 கோடி டாலருக்கு ஒரு விமானத்தை வாங்குகிறது என வைத்துக்கொள்வோம். அதனை மாதம் 4 லட்சம் டாலர் வாடகைக்கு விமான சேவை நிறுவனத்திடம் கொடுக்கிறது. ஆண்டு வாடகை 48 லட்சம் டாலர். இதிலிருந்து விமானம் வாங்கப் பெற்ற கடனுக்கான வட்டி, விமானத்தின் மதிப்பில் ஆண்டுதோறும் குறையும் தேய்மானம், நிர்வாகச் செலவு ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். எஞ்சுவது வாடகை லாபம்.

சில ஆண்டுகள் கழித்து, கணக்கேட்டில் 3.5 கோடி டாலர் மதிப்புள்ளதாகக் காட்டப்படும் அதே விமானம் சந்தையில் 4 கோடி டாலருக்கு விலைபோனால், 50 லட்சம் டாலர் விற்பனை ஆதாயமாக அந்த ஒரே காலாண்டில் பதிவாகும். அந்தக் காலாண்டின் லாபம் உயர்ந்து காணப்படும். ஆனால் அடுத்த மாதத்திலிருந்து அந்த விமானத்தின் வாடகை நின்றுவிடும்.

விமானத் துறையில் ஓரிக்ஸ்

1964-இல் ஒசாகாவில் ‘ஓரியன்ட் லீசிங்’ என்ற பெயரில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், 1989-இல் ஓரிக்ஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் இயங்கும் ஓரிக்ஸ் ஏவியேஷன் அதன் விமானக் குத்தகைப் பிரிவு. இதைத் தவிர, உலகின் பெரிய விமானக் குத்தகை நிறுவனங்களுள் ஒன்றான அவலோனில் 30 சதவீதப் பங்கை 2018-இல் சுமார் 220 கோடி டாலருக்கு வாங்கியது. ஒசாகா பகுதியின் கான்சாய் விமான நிலையத்தை நடத்தும் நிறுவனத்திலும் அதற்குப் பங்கு உண்டு. ஓரிக்ஸ் கணக்கில் விமானங்களும் கப்பல்களும் ஒரே பிரிவாகக் காட்டப்படுகின்றன.

கொரோனா காலத்தில் முடங்கிய விமானக் குத்தகைத் தொழில் தற்போது வலுவாக உள்ளது. போயிங், ஏர்பஸ் ஆகிய இரு நிறுவனங்களும் புதிய விமானங்களைக் குறித்த நேரத்தில் வழங்க இயலாமல் தடுமாறி வருகின்றன. பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் என்ஜின்களில் 2023-இல் கண்டறியப்பட்ட உலோகக் குறைபாட்டால், இண்டிகோ உட்படப் பல நிறுவனங்களின் விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. புதியவை வராதபோது பழைய விமானங்களின் வாடகையும் விற்பனை விலையும் உயர்கின்றன. குத்தகை நிறுவனங்களுக்கு இது சாதகம். விமான சேவை நிறுவனங்களுக்குச் சுமை.

நஷ்டத்திலிருந்து கிரீன்கோ வரை

இந்தியாவில் ஓரிக்ஸின் அனுபவம் எப்போதும் லாபகரமாக இருந்ததில்லை. ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிதி நிறுவனத்தில் எல்ஐசிக்கு அடுத்த பெரிய பங்குதாரராக, சுமார் 23.5 சதவீதப் பங்குகளுடன் அது இருந்தது. 90,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட கடனுடன் ஐஎல் அண்ட் எஃப்எஸ் 2018-இல் தவணை தவறியது. அவ்வாண்டு அக்டோபரில் அதன் இயக்குநர் குழுவை மத்திய அரசு மாற்றியமைத்தது.

அந்தக் குழுமத்தின் 7 காற்றாலை மின் நிறுவனங்களில் ஓரிக்ஸ் ஏற்கெனவே 49 சதவீதப் பங்கு வைத்திருந்தது. மீதமுள்ள 51 சதவீதத்தையும் 2019-இல் வாங்கியது. அவற்றின் மொத்தத் திறன் 873 மெகாவாட். பின்னர் அந்தக் காற்றாலைகளை கிரீன்கோவிடம் ஒப்படைத்ததுடன் கூடுதல் முதலீடும் செய்து, அந்நிறுவனத்தின் சுமார் 20 சதவீதப் பங்கைப் பெற்றது. 2020 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட இந்த ஒப்பந்தத்தின் மதிப்பு ஏறத்தாழ 98 கோடி டாலர்.

அந்தப் பங்கில் 17.5 சதவீதத்தையே கிரீன்கோ நிறுவனர்களின் குழுமத்தைச் சேர்ந்த ஏஎம் கிரீன் பவர் நிறுவனத்துக்கு ஓரிக்ஸ் தற்போது விற்றுள்ளது. முழுகிய ஒரு நிறுவனத்திலிருந்து மீட்ட சொத்து, சில ஆண்டுகளில் பெரும் லாபமாக மாறியுள்ளது. முதலீட்டை நிர்வகித்த விதத்தில் இது ஓரிக்ஸின் வெற்றி. ஆனாலும் மீண்டும் மீண்டும் வரக்கூடிய வருவாய் அன்று.

இரண்டாம் பாதியின் கணக்கு

நிறுவனத்தின் சொந்தக் கணிப்பே இதைத் தெளிவாக்குகிறது. 2024-25 நிதியாண்டில் ஓரிக்ஸின் நிகர லாபம் சுமார் 35,160 கோடி யென். அதில் முதல் அரையாண்டின் பங்கு 18,290 கோடி யென். எஞ்சிய இரண்டாம் அரையாண்டில் கிடைத்தது சுமார் 16,870 கோடி யென்.

2025-26 நிதியாண்டுக்கு 2025 நவம்பரில் வெளியான கணிப்பு 44,000 கோடி யென். இதிலிருந்து முதல் அரையாண்டு லாபமான 27,110 கோடி யென்னைக் கழித்தால், இரண்டாம் அரையாண்டில் எதிர்பார்க்கப்பட்டது சுமார் 16,890 கோடி யென். அதாவது, முந்தைய ஆண்டின் இரண்டாம் பாதியில் கிடைத்த ஏறத்தாழ அதே அளவு.

முதல் பாதியில் 48 சதவீத உயர்வு. இரண்டாம் பாதியில் ஏறத்தாழ மாற்றமில்லை. தலைப்புச் செய்தியில் இடம்பெறும் 48 சதவீதத்தைப் போன்ற வேகம் தொடரும் என்று நிறுவனமே கூறவில்லை என்பதை இந்தக் கழித்தல் கணக்கு உணர்த்துகிறது. ஜப்பானிய நிறுவனங்கள் பொதுவாக எச்சரிக்கையுடன் கணிப்பு வெளியிடுபவை என்பதால், உண்மையான லாபம் இதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம்.

அதே காலாண்டில் இண்டிகோவின் நிலை

குத்தகை ஒப்பந்தத்தின் மறுமுனையில் இருப்பவை விமான சேவை நிறுவனங்கள். இந்தியாவில் பறக்கும் பயணிகள் விமானங்களில் பெரும்பகுதி குத்தகைக்கு எடுக்கப்பட்டவை. விமானத்தை உற்பத்தியாளரிடமிருந்து பெற்றவுடன் குத்தகை நிறுவனத்துக்கு விற்று, அதையே வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் முறையை இண்டிகோ நீண்ட காலமாகப் பின்பற்றி வருகிறது.

2025 ஜூலை–செப்டம்பர் காலாண்டில் இண்டிகோ சுமார் 2,582 கோடி ரூபாய் நிகர நஷ்டத்தைப் பதிவு செய்தது. ஆனால் அந்நியச் செலாவணி மாற்றத்தின் பாதிப்பை நீக்கிப் பார்த்தால், 104 கோடி ரூபாய் லாபம் கிடைத்திருக்கும் என்று அந்நிறுவனம் தெரிவித்தது. பயணிகளிடம் கட்டணம் ரூபாயில் வசூலாகிறது. குத்தகைக் கடப்பாடுகளோ டாலரில் உள்ளன. ரூபாய் மதிப்பு சரியும்போது, வருங்காலத்தில் செலுத்த வேண்டிய குத்தகைத் தொகை முழுவதும் ரூபாய்க் கணக்கில் உயர்கிறது. அந்த உயர்வு ஒரே காலாண்டின் நஷ்டமாகப் பதிவாகிறது.

ஆகவே ஓரிக்ஸின் லாபத்தைப் போலவே இண்டிகோவின் நஷ்டத்தையும் பிரித்தே படிக்க வேண்டும். ஒன்றை விற்பனை ஆதாயம் உயர்த்திக் காட்டியது. மற்றொன்றை நாணய மதிப்பு தாழ்த்திக் காட்டியது.

வாடகை நின்றால் என்ன ஆகும்?

வாடகை வராவிட்டால் விமானத்தைத் திரும்பப் பெற்று வேறொருவருக்குக் கொடுக்க முடியும் என்ற நம்பிக்கையின் மீதே இத்தொழில் நிற்கிறது. அந்த நம்பிக்கை இந்தியாவில் 2023-இல் ஆட்டம் கண்டது.

அவ்வாண்டு மே 2 அன்று கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் தானாக முன்வந்து திவால் மனு தாக்கல் செய்தது. மே 10 அன்று தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அதனை ஏற்றதால், சொத்துகளை எவரும் கைப்பற்ற முடியாத தடைக்காலம் தொடங்கியது. ஜப்பானின் சுமிடோமோ குழுமத்தைச் சேர்ந்த எஸ்எம்பிசி ஏவியேஷன் கேபிடல் உள்ளிட்ட குத்தகை நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தும் பலனில்லை. 54 விமானங்களின் பதிவை நீக்குமாறு விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகத்துக்கு டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 ஏப்ரல் 26 அன்றுதான். ஏறத்தாழ ஓராண்டு அந்த விமானங்கள் பறக்கவுமில்லை, உரிமையாளர்களிடம் திரும்பவுமில்லை.

இதே எஸ்எம்பிசி நிறுவனம், உக்ரைன் போரைத் தொடர்ந்து ரஷ்யாவில் சிக்கிய 34 விமானங்களுக்காக 2021-22 கணக்கில் சுமார் 160 கோடி டாலரை இழப்பாக எழுதியது. பின்னர் காப்பீடு தொடர்பான தீர்வுகள் மூலம் அதில் ஒரு பகுதி மீண்டு வந்தபோது, அந்த ஆண்டின் லாபம் உயர்ந்தது. அந்த உயர்வும் வாடகை வளர்ச்சியால் வந்ததன்று.

கோ ஃபர்ஸ்ட் அனுபவத்துக்குப் பின், விமானங்களையும் என்ஜின்களையும் திவால் தடைக்காலத்திலிருந்து விலக்கி 2023 அக்டோபர் 3 அன்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. தொடர்ந்து, விமானப் பொருள்கள் மீதான உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தை 2025 ஏப்ரலில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இந்தியா 2008-இல் இணைந்த கேப் டவுன் உடன்படிக்கைக்கு இதன் மூலம் உள்நாட்டுச் சட்ட வலிமை கிடைத்துள்ளது. திவால் நேரிட்டால் இரண்டு மாதங்களில் விமானத்தைத் திரும்பப் பெறுவதற்கு இந்த உடன்படிக்கையின் கீழ் வழி உண்டு.

பயணிகளுக்கு இதனால் என்ன பயன்? விமானத்தைத் திரும்பப் பெறுவது கடினமான நாடு என்று கருதப்பட்டால், அந்த ஆபத்துக்கான விலையை குத்தகை நிறுவனங்கள் வாடகையில் சேர்த்துவிடும். அந்தச் சுமை இறுதியில் பயணச்சீட்டுக் கட்டணத்தில் வந்து விழும். ஆபத்து குறைந்தால், வாடகை குறையவும் வாய்ப்புண்டு.

இனி கவனிக்க வேண்டியவை

ஓரிக்ஸ் போன்ற நிறுவனங்களின் அடுத்த காலாண்டு முடிவுகளில் மூன்று அம்சங்கள் முக்கியமானவை. முதலாவது, விமானப் பிரிவின் லாபத்தில் வாடகை எவ்வளவு, விமான விற்பனை எவ்வளவு என்பது. இரண்டாவது, யென் மதிப்பு. விமான வாடகை டாலரில் வருவதால், யென் வலுவடைந்தால் ஜப்பானியக் கணக்கில் அதே வருவாய் குறைந்து காணப்படும். மூன்றாவது, போயிங், ஏர்பஸ் உற்பத்தி வேகம். புதிய விமானங்கள் தாராளமாக வரத் தொடங்கினால், தற்போது உயர்ந்துள்ள வாடகையும் பழைய விமானங்களின் விலையும் இறங்கக்கூடும்.

ஜப்பானிய முதலீட்டாளர்களோ இத்தொழிலில் நம்பிக்கை இழக்கவில்லை. அமெரிக்காவின் ஏர் லீஸ் நிறுவனத்தைக் கடன் உட்பட சுமார் 2,820 கோடி டாலர் மதிப்பில் வாங்குவதாக, சுமிடோமோ நிறுவனமும் எஸ்எம்பிசி ஏவியேஷன் கேபிடலும் அமெரிக்க, கனடா முதலீட்டு நிறுவனங்களுடன் இணைந்து 2025 செப்டம்பரில் அறிவித்தன.

ஓரிக்ஸைப் பொறுத்தவரை, கிரீன்கோ விற்பனையில் கிடைத்த பணம் எங்கு முதலீடு செய்யப்படுகிறது என்பதே அடுத்த கேள்வி. அது மீண்டும் மாதந்தோறும் வருவாய் தரும் சொத்தாக மாறினால், இந்த அரையாண்டின் லாபத்துக்குத் தொடர்ச்சி இருக்கும். இல்லையெனில், அடுத்த ஆண்டு இதே காலத்தில் ஒப்பிடும்போது 27,110 கோடி யென் என்பது எட்டுவதற்கு அரிய உயரமாகிவிடும். தொழில் சீராக நடந்தாலும், லாபம் சரிந்தது என்றே அப்போது செய்தி வெளியாகும்.