எடை கூடுவது யார் குற்றம்?

மாணவர்களே! உங்கள் வகுப்பில் ‘குண்டு’ என்று பட்டப்பெயர் சூட்டப்பட்டவர் யாரேனும் உண்டா? “நிறையத் தின்கிறான், சரியான சோம்பேறி” என்று அவரைக் கேலி செய்பவர்களும் இருப்பார்கள். இந்தக் கேலி அறிவியலுக்குப் பொருந்துமா என்று பார்ப்போம்.

உணவு தரும் ஆற்றலைக் கிலோ கலோரியில் அளக்கிறோம். மூச்சு விடவும், வளரவும், ஓடியாடவும் செலவானது போக மிஞ்சும் ஆற்றல் கொழுப்பாக மாறி உடலில் தங்கிவிடுகிறது. ஒரு நாளில் மிஞ்சுவது சிறிதளவே. ஆயினும், சிறு துளி பெருவெள்ளமாவது போல, ஆண்டுக் கணக்கில் அது கிலோக் கணக்காகிவிடும்.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். இனிப்பான குளிர்பானங்கள் பலவற்றில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. 300 மில்லிலிட்டர் புட்டியில் 30 கிராம். ஒரு கிராம் சர்க்கரை 4 கிலோ கலோரி தரும். ஆகவே, புட்டி ஒன்றுக்கு 120 கிலோ கலோரி. ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்த இதைச் செலவழிக்க, 40 கிலோ எடையுள்ள மாணவர் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் விரைந்து நடக்க வேண்டும்!

உலகில் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில், 1990-ஆம் ஆண்டில் 2 விழுக்காட்டினரே உடற்பருமன் உடையவர்களாக இருந்தனர். 2022-இல் இது 8 விழுக்காடு ஆயிற்று. எளிதில் எடை கூடும் தன்மை பரம்பரையாக வருவதுண்டு. ஆனால் முப்பத்திரண்டு ஆண்டுகளில் மனிதகுலத்தின் மரபணுக்கள் மாறிவிடவில்லை. அப்படியானால் மாறியது எது? நாம் வாழும் சூழல்தான்.

விளையாடிய வெற்றிடங்களில் வீடுகள் எழுந்தன. வண்டிகள் பெருகியதால், நடந்தும் சைக்கிளிலும் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் அஞ்சுகின்றனர். மாலை நேரம் தனிப்பயிற்சிக்கும் கைப்பேசிக்கும் போகிறது. உறக்கம் குறைகிறது. பொட்டலத் தின்பண்டம் தெருமுனையிலேயே மலிவாகக் கிடைக்கிறது. பழம் வாங்கவோ பல வீடுகளில் பணம் போதவில்லை.

சூழலை மாற்ற முயன்ற நாடு ஒன்றைக் கூறுகிறேன். தென் அமெரிக்காவிலுள்ள சிலி, 2016 ஜூன் மாதத்தில் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவை மிகுந்த பொட்டலங்களில் கறுப்பு நிற எண்கோண முத்திரை இடப்பட்டது. அவற்றில் குழந்தைகளைக் கவரும் கேலிச்சித்திர உருவங்களுக்கும், பள்ளிகளில் அவற்றை விற்பதற்கும் தடை வந்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குள், முத்திரை பெற்ற பானங்களை மக்கள் வாங்குவது சுமார் 24 விழுக்காடு குறைந்தது. இதனால் மட்டும் உடற்பருமன் மறைந்துவிடாது. எனினும், சூழல் மாறினால் பழக்கமும் மாறும் என்பது தெளிவாகிறது அல்லவா?

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். கேலிக்கு ஆளான மாணவர் என்ன செய்வார்? விளையாட்டுத் திடலுக்கு வரவே கூசுவார். ஒதுங்கி உட்காருவார். ஆற்றல் செலவாவது மேலும் குறையும். ஆம், நமது கேலியும் எடையைக் கூட்டும் சூழலின் ஒரு பகுதியே!

வளரும் வயதில் பட்டினி கிடப்பது தவறு. எடையைப் பற்றிக் கவலை இருந்தால் மருத்துவரைக் கேட்க வேண்டும். நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஓடியாடுவது உங்கள் வயதினர் எல்லோருக்கும் தேவை. நாளை மாலை அணி பிரிக்கும்போது, ஒதுங்கி நிற்கும் அந்த நண்பரை முதலில் பெயர் சொல்லி அழையுங்கள். பட்டப்பெயர் வேண்டா, அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி!