சுவரை இடிக்கும் முன் நாலு வார்த்தை



எங்கள் விளாத்திகுளம் கரிசல் பூமி. மழையில் இந்த மண் ஊறி உப்பும்; கோடையில் சுருங்கி, கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். மேலே நிற்கிற சுவரும் சேர்ந்து அசைவதால் விரிசல் இல்லாத வீடு இங்கே குறைவு. "இந்தச் சுவரை எடுத்துட்டா அடுப்படி பெரிசாயிருமே" என்ற பேச்சும் அடிக்கடி வரும். ஆம்பிளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள். கொத்தனாரிடம் பேசுவது, சாமான் ஒதுக்குவது எல்லாம் நம் தலையில்தான். போன சித்திரையில் எங்கள் அடுப்படிக்கும் பட்டாசாலைக்கும் நடுவே இருந்த சுவரை எடுத்தோம். அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில், அந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். பழைய காரை வீடுகளில் உத்திரத்தின் முனை சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். அதை எடுத்தால் மச்சு தலையில் இறங்கிவிடும். தட்டிப் பார்த்துச் சொல்கிற காரியமில்லை இது. ஒரு என்ஜினியரைக் கூட்டி வந்து காட்டுங்கள். முட்டுக் கொடுக்க வேண்டுமா என்றும் அவரே சொல்வார். விரிசலுக்காக மட்டும் இடிக்க நினைத்தால், கோளாறு அஸ்திவாரத்திலா என்று கேளுங்கள். அதைச் சரி செய்யாமல் புதுச்சுவர் வைத்தால் அதுவும் வெடிக்கும்.

கூலி பேசும்போது நாள் சம்பளமா, மொத்தமாகவா என்பதோடு நிற்காதீர்கள். கட்டிடக் குப்பையை அள்ளுவது யார், நிலை, கதவை உடையாமல் கழற்றித் தருவார்களா என்பதையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பத்தடிக்குப் பத்தடி, ஒன்பது அங்குலச் சுவர் 75 கன அடி. இடித்துப் போட்டால் ஒரு யூனிட்டுக்கு, அதாவது 100 கன அடிக்கு மேலேயே வரும். கொட்ட இடம் பார்க்காமல் ஆரம்பித்தால் தெருவோடு சண்டைதான்.

முந்தின நாளே சிலிண்டரை வெளியே எடுத்துவிடுங்கள். அந்தப் பக்கத்துக் கரண்டை மெயினிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். சுவருக்குள் வயர் குழாய் போகும். அரிசி, மிளகாய் வற்றல் எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துக் கதவிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் சீட் இருந்தால் உடைக்க விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். நனைத்து, முழுசாகத்தான் கழற்ற வேண்டும்.

இனிதான் முக்கியமான விஷயம். எங்கள் வீட்டுக்கு வந்த ஆள், "மேலேர்ந்து இடிச்சா ரெண்டு நாளாகும்க்கா. அடியில குடைஞ்சுவிட்டா தன்னால சாஞ்சிரும், ஒரே நாள்" என்றார். கேட்க லாபமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சுவரின் எடை சுமார் நாலு டன். அது எந்தப் பக்கம் சாயும் என்று யார் சொல்ல முடியும்? அடியில் நின்று செங்கல் பொறுக்குவது சித்தாள் வேலைக்கு வரும் பெண்தான். அவளும் காலையில் பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வந்தவள். "அண்ணாச்சி, மேலேர்ந்தே வரி வரியா எடுங்க, ரெண்டு நாள் சம்பளம் வாங்கிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டேன். தூசி அடங்கச் சுவரை நனைத்தார்கள். தலைக்குத் துண்டும் காலுக்குச் செருப்பும் இல்லாமல் யாரையும் உள்ளே விடவில்லை.

கட்டுமானத் தொழிலாளர்களுக்கு நம் மாநிலத்தில் 1994 முதல் நல வாரியம் இருக்கிறது. விபத்து என்றால் பதிந்தவர்களுக்கு உதவித்தொகை உண்டு. வருகிற சித்தாளிடம், "பதிஞ்சிருக்கியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றால் பதியச் சொல்லுங்கள்.

ஒரு நாள் கூலி மிச்சம் பிடிக்க ஆசை வருவது இயல்புதான். அதனால்தான் ஆள் பேசும் அன்றே, "மேலேர்ந்துதான் இடிக்கணும், அதுக்கு உண்டான சம்பளம் தர்றோம்" என்று நாமே முந்திச் சொல்லிவிட வேண்டும்.

- ஒரு வாசகி, விளாத்திகுளம்.