அடங்கலில் ஏறாத பெயர்

2024 டிசம்பர் 1 காலை எடுத்த கணக்கில் மயிலத்தில் 51 செ.மீ. மழை, திண்டிவனத்தில் 37. ஃபெஞ்சல் புயல் முந்தின இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டிய மழை. மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். அரசூரில் தென்பெண்ணை நெடுஞ்சாலை மேலேயே ஓடியது. மயிலம் பக்கத்தில் எங்கள் ஒன்றரை ஏக்கர் சம்பா கதிர் விட்டிருந்த நேரம். தண்ணீர் வடிந்தபோது பாதிக்கு மேல் பதர்.

அரசு நிவாரணம் அறிவித்தது. 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கும் மரங்களுக்கும் 22,500. நாங்கள் ஏக்கரில்தான் கணக்குப் பார்ப்போம். நெல்லுக்கு ஏக்கருக்கு ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. உழவு, நாற்று, நடவு, களை, உரம் என்று நாங்கள் போட்டது அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

இதை நஷ்ட ஈடு என்று நினைத்துத்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். பேரிடர் நிவாரண நிதியின் விதிப்படி இது இடுபொருள் மானியம். அதாவது அடுத்த விதைக்கும் உரத்துக்குமான கைத்தாங்கல். அந்த நிதியில் நான்கில் மூன்று பங்கு மத்திய அரசுடையது, மிச்சம் மாநிலத்துடையது. பயிர்க் காப்பீடு இதிலிருந்து வேறு. பிரீமியம் கட்டியவர்கள் இரண்டையும் கேட்கலாம். வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் படிந்திருந்தால் அதை அகற்றவும் சிறு, குறு விவசாயிகளுக்கு விதியில் உதவி உண்டு. ஆற்றோரத்துக்காரர்கள் இதை மறக்காமல் கேட்க வேண்டும்.

அடுத்த விதைப்புக்கான பணம் என்றால் விதைப்புக்கு முன் வர வேண்டும். 2025 பிப்ரவரியில்தான் சுமார் 5 லட்சம் விவசாயிகளுக்கு 498.80 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது. மார்கழிப் பட்டத்து மல்லாட்டையை (நிலக்கடலையை) நாங்கள் அதற்குள் கடன் வாங்கி விதைத்துவிட்டோம்.

என்னை உறுத்துவது தாமதம் மட்டுமல்ல. எங்கள் வயலுக்கு அடுத்த வயலை ஓர் அக்கா குத்தகைக்குப் பார்க்கிறார். கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "பட்டா யார் பேர்ல இருக்கு?"

"நெல்லு நான் வச்சதுங்க அய்யா, நெலம் மட்டும்தான் அவங்களுது" என்றார் அக்கா. எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதும் கிராமப் பதிவேடான அடங்கலில் நில உரிமையாளர் பெயர்தான் இருந்தது. பணம் சென்னையில் இருக்கும் அவர் கணக்குக்குப் போனது. அவர் நல்ல மனிதர், அக்காவுக்கு அனுப்பிவைத்தார். மேலத்தெருவில் இன்னொரு குத்தகைக்காரருக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கம் குத்தகை வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது. எழுதிக்கொடுத்தால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று உரிமையாளருக்குப் பயம்; கேட்டால் அடுத்த வருடம் நிலமே கிடைக்காது என்று குத்தகைக்காரருக்குப் பயம். நில உரிமையைத் தொடாமல், இந்தப் போகத்தில் பயிர் வைத்தவர் இவர் என்று மட்டும் அடங்கலில் எழுதி, நிவாரணத்தை அந்தப் பெயருக்கே அனுப்ப அரசு உத்தரவிட வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் வயலுக்கு வந்து பார்த்து எழுத வேண்டிய பதிவுதானே அது!

இந்தப் போகத்தில் பயிர் வைத்தவர் இவர் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து கேட்டு அக்கா சென்னையில் இருக்கும் உரிமையாளருக்குப் போன் செய்தார். "பாக்கலாம்மா" என்றாராம்.