செய்து கற்கும் கல்விக்கு இணையம் தரும் துணை

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது நம் பாட்டிமார் அடிக்கடி கூறும் பழமொழி. படித்ததைச் செய்து பார்க்கும்போதுதான் அது நமக்குச் சொந்தமாகிறது. பத்தாம் வகுப்பை முடித்து மேற்படிப்பை எண்ணிப் பார்க்கும் எங்களுக்கு, கல்லூரியில் இத்தகைய கல்வி கிடைக்குமா என்பது முக்கியமான கேள்வி.

செய்து கற்பது புதிய கருத்தன்று. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1918ஆம் ஆண்டு செயல்திட்ட முறையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். நம் நாட்டில் காந்தியடிகள் 1937ஆம் ஆண்டு வார்தா மாநாட்டில், கைத்தொழிலை நடுவாக வைத்து மற்றப் பாடங்களைக் கற்பிக்க வேண்டும் என்று எடுத்துரைத்தார். ஒரு வேலையை மேற்கொண்டு, அதை முடிப்பதற்கு வேண்டிய கணக்கையும் அறிவியலையும் வழியிலேயே கற்றுக்கொள்வதே இம்முறையின் உயிர்நாடி.

இதற்குப் பாடநூல் மட்டும் போதாது. கருவிகள் வேண்டும், உடன் உழைக்கும் தோழியர் வேண்டும், தடுமாறும்போது வழிகாட்ட ஆசிரியர் வேண்டும். பெருநகரக் கல்லூரிகளில் இம்மூன்றும் எளிதில் கிடைக்கலாம். சிற்றூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் அப்படியன்று. இந்தக் குறையைப் போக்கவே இணையதளங்கள் துணைக்கு வந்துள்ளன.

2003ஆம் ஆண்டு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்ற திட்டம், சிறந்த பேராசிரியர்களின் விரிவுரைகளை வீட்டிலிருந்தே கேட்க வழி செய்தது. ஆனால் அது முதன்மையாகக் கேட்டுக் கற்பது. செய்து கற்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு, மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் ‘ஈ-யந்த்ரா’ என்ற திட்டமாகும். மத்திய அரசின் நிதியுதவியுடன் வளர்ந்த இத்திட்டம், 2012ஆம் ஆண்டு முதல் கல்லூரி மாணவ மாணவியருக்கு ரோபோ போட்டியை நடத்தி வந்துள்ளது.

இதில் நால்வர் ஒரு குழுவாகச் சேர்வர். முதற்கட்டத் தேர்வை இணையத்தில் முடிப்பர். பாடங்கள் இணையத்திலேயே வரும். ஐயம் எழுந்தால் வழிகாட்டிகளிடம் கேட்கலாம். ஒவ்வொரு படியிலும் செய்த வேலையை அனுப்பினால்தான் அடுத்த படிக்குச் செல்ல முடியும். இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தோர் மும்பைக்கு அழைக்கப்படுவர்.

2018-19ஆம் ஆண்டுப் போட்டியின் தலைப்புகளுள் ஒன்று ‘தாகமுள்ள காகம்’! பாலர் வகுப்பில் நாம் கேட்ட கதையே அங்கு வினாத்தாள் ஆயிற்று. காகத்தைப் போல ரோபோ கற்களை எடுத்துக் குடத்தில் சேர்க்க வேண்டும். கேட்பதற்கு எளிது, செய்வதோ அரிது. எந்த வழியில் சென்றால் விரைவில் சேரலாம் என்று கணக்கிட வேண்டும். சக்கரங்களை அளவாகச் சுழலச் செய்ய வேண்டும். இவற்றுக்கான கட்டளைகளைக் கணிப்பொறி மொழியில் எழுத வேண்டும். கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்ட 2020-21இல் ரோபோக்கள் கணிப்பொறித் திரையிலேயே இயங்கின, கற்பது நிற்கவில்லை.

எனினும் இணையதளம் ஊன்றுகோலே அன்றிக் கால் ஆகாது. ஆயத்தமாக விற்கப்படும் செயல்திட்டத்தைக் கடையில் வாங்கித் தம் பெயரை ஒட்டிக் கொடுப்போரும் உண்டு. நால்வர் குழுவில் ஒருத்தி உழைக்க, மூவர் வேடிக்கை பார்ப்பதும் உண்டு. அவர்களுக்கு மதிப்பெண் கிடைக்கலாம், அறிவு கிடைக்காது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தொலைவில் உள்ள கல்லூரிக்கு மகளை அனுப்பத் தயங்குவோர் பலர். தென்காசியிலோ திருநெல்வேலியிலோ படித்தாலும், மும்பை வழிகாட்டியின் துணையைப் பெற இன்று முடியும். ஆனால் அதற்குக் கணிப்பொறியும் நேரமும் வேண்டும். அப்போது, “எந்நேரமும் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாளே!” என்று கடிந்துகொள்ளாமல், அவள் என்ன செய்கிறாள் என்று அருகில் அமர்ந்து கேளுங்கள்.

அன்புத் தோழியரே, கல்லூரி வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அச்சன்புதூர் வயல்களில் மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தண்ணீர் பாய்ச்சும் நேரத்தைச் சொல்லும் சிறு கருவியைச் செய்ய முடியுமா? முதலில் விவசாயிகளிடம் கேட்டு எழுதிக்கொள்ள ஒருத்தி, அளந்து பார்க்க ஒருத்தி, கணக்கிட ஒருத்தி, படம் வரைய ஒருத்தி என நால்வர் போதும். இந்த விடுமுறையிலேயே தொடங்குவோமாக!