எண்ணிம ஓவியத்தில் நிறமிக் கலப்பு

எண்ணிம ஓவியத்தில் நிறமிக் கலப்பு என்பது, கணினித் திரையில் தீட்டப்படும் வண்ணங்கள் உண்மையான சாயங்களைப் போல ஒன்றோடொன்று கலக்கும்படி செய்யும் முறையாகும்.

திருவண்ணாமலையில் உள்ள 2,668 அடி உயர அண்ணாமலையை ஒருவர் கணினியில் வரைவதாகக் கொள்வோம். மழைக்குப் பின் பசுமையான மலைச்சரிவைக் காட்ட, நீலத்தின் மேல் மஞ்சளைத் தீட்டுகிறார். நீர்வண்ணத்தில் இது பச்சையாகும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பல வரைகலை மென்பொருள்களிலோ சாம்பல் நிறமே கிடைக்கிறது. மென்பொருள் ஒவ்வொரு நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைக் குறிக்கும் மூன்று எண்களாகச் சேமித்து, கலக்கும்போது அவற்றின் சராசரியை எடுப்பதே இதற்குக் காரணம். நீலம் (0, 0, 255), மஞ்சள் (255, 255, 0) என்றால் இரண்டின் சராசரி ஏறத்தாழ (128, 128, 128). அது சாம்பல்.

இந்த எண்கள் திரை உமிழும் ஒளியைக் குறிப்பவை. சாயம் ஒளியை உமிழ்வதில்லை; தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை உட்கவர்ந்து, மீதியைச் சிதறடிக்கிறது. நீலச் சாயம் பெரும்பாலும் சிவப்பு ஒளியையும், மஞ்சள் சாயம் நீல ஒளியையும் உட்கவர்கின்றன. இரண்டிலும் தப்பி வெளிவருவது பச்சை. இதைக் கணக்கிடும் சமன்பாடுகளைக் குபெல்கா, முங்க் ஆகியோர் 1931-இல் வெளியிட்டனர்.

சமன்பாடு இருந்தும் மென்பொருள்களில் இது பரவலாக நுழையப் பல ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு அலைநீளத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். ஆனால் படக்கோப்பு, அடுக்கு, தூரிகை எல்லாமே மூன்று எண்களை நம்பிக் கட்டப்பட்டவை. 2020-இல் வெளிவந்த மைபெயின்ட் 2.0 என்னும் கட்டற்ற மென்பொருள் நிறமாலை அடிப்படையிலான கலப்பைத் தந்தது. 2021-இல் ஷார்கா சோகோரோவா, ஒண்ட்ரெய் யம்ரிஷ்கா இருவரும் மிக்ஸ்பாக்ஸ் என்ற முறையை வெளியிட்டனர். இது திரை நிறத்தை நீலம், மஞ்சள், மெஜந்தா, வெள்ளை ஆகிய நான்கு நிறமிகளின் விகிதமாகப் பிரித்து, கலந்து, மீண்டும் மூன்று எண்களாகவே திருப்பித் தருகிறது. நிறமிகளால் காட்ட முடியாத மிகப் பளிச்சென்ற நிறங்களில் விடுபடும் சிறு வேறுபாட்டையும் உடன் வைத்துக்கொள்கிறது. கோப்பின் அமைப்பை மாற்ற வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய வசதி. ரெபெல் மென்பொருள் இம்முறையைப் பயன்படுத்துகிறது.

நிறமிக் கலப்பு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கார்த்திகை தீபத்தன்று அதே மலையுச்சியில் ஏற்றப்படும் மகாதீபத்தின் மஞ்சள் ஒளியை, நீல இரவு வானில் இம்முறையில் பரப்பினால் சுடரைச் சுற்றிப் பச்சை படர்ந்துவிடும். தீபம் சாயமல்ல, ஒளி. அதற்குத் தனி அடுக்கு வைத்து, ஒளியைக் கூட்டும் பழைய கலப்பு முறையைப் பயன்படுத்துவதே சரி.