லைகாவும் ஒரு பாதி ஆய்வேடும்

பாரிஸ் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கும் வால்டர் பெஞ்சமினின் புகைப்படம் நம்மில் பலருக்குப் பரிச்சயம். 1937இல் எடுத்தது. எத்தனையோ தடவை பார்த்திருந்தும், கேமராவுக்குப் பின்னால் இருந்தது யார் என்று நான் வெகுநாள் கேட்டதே இல்லை. நம் வாசிப்பின் லட்சணம் அப்படி. எடுத்தவர் கிசெல் ஃப்ராய்ண்ட். பெஞ்சமினைப் போலவே அவரும் அகதி. ஜெர்மனியை விட்டுக் கிளம்பியபோது பல்கலைக்கழக மாணவி.

1908இல் பெர்லினில், வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர். லைகா கேமரா அப்பா வாங்கித் தந்தது. ஃப்ராங்க்ஃபர்ட்டில் கார்ல் மன்ஹைமிடம் சமூகவியல் படித்தார். இடதுசாரி மாணவர் குழுவில் இருந்தார். 1932 மே தின ஊர்வலத்தைப் படமெடுத்தார். மன்ஹைமின் உதவியாளர் நார்பர்ட் எலியாஸ் தூண்ட, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் புகைப்படத்தை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டார்.

நாஜிகள் என்றதும் நமக்கு பூட்ஸ் சத்தம்தான் கேட்கிறது. பல்கலைக்கழகத்துக்குள் அவர்கள் காகிதமாகவும் வந்தார்கள். 1933 ஏப்ரல் 7ஆம் தேதிச் சட்டம் யூத ஆசிரியர்களை வெளியேற்றியது. மன்ஹைமின் வேலை போயிற்று. ஏப்ரல் 25இல் வந்தது மாணவர்களுக்கானது. பெயரைப் பாருங்க: கல்விக்கூடங்களில் 'நெரிசலை'த் தடுக்கும் சட்டம்! புதிதாகச் சேரும் யூத மாணவர்களுக்கு 1.5 சதவீதம், மொத்தத்தில் அதிகபட்சம் 5 சதவீதம். வெறுப்பு நிர்வாகக் கணக்காக மாறும் இடம் இது. மே 10இல் புத்தகங்களை எரித்ததும் வெளியாட்கள் இல்லை, மாணவர் அமைப்பினர்தான். அதிகாரத்தை எதிர்ப்பது மாணவர்களின் இயல்பு என்று நம்பிக்கொண்டிருக்கும் நமக்கு இதை விழுங்குவது கஷ்டம்.

அந்த மே மாத இறுதியில் ஃப்ராய்ண்ட் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தார். பாதி ஆய்வேடும் கூடப் போனது. 1936இல் சோர்போனில் அதை முடித்தார். புத்தகக்கடைக்காரரான அத்ரியேன் மொன்னியே அதை நூலாக்கினார். பெஞ்சமின் மதிப்புரை எழுதினார்.

ஆய்வேட்டின் வாதம் எளிமையானது, கூர்மையானது. பிரபுக்களுக்கு ஓவியர் வரைந்த உருவப்படம் இருந்தது. மேலெழுந்த பூர்ஷ்வா வர்க்கத்துக்கும் தன் முகம் வேண்டியிருந்தது, ஆனால் மலிவாக. நிழலுருவ வெட்டுப்படம், பிறகு இயந்திரத்தால் கோடிழுத்த பக்கத்தோற்றம், பிறகு புகைப்படம். 1854இல் திஸ்தேரி சின்ன அட்டைப்படத்துக்குக் காப்புரிமை பெற்றதும் விலை சரிந்தது. தொழில்நுட்பம் தானாகப் பிறப்பதில்லை. ஒரு வர்க்கத்தின் தேவை அதை அழைக்கிறது. யாருக்கு முகம் உண்டு என்பது சமூகவியல் கேள்வி. அதை எழுதிக்கொண்டிருந்தவருக்கோ, சொந்த நாட்டில் முகம் மறுக்கப்பட்டிருந்தது.

'நாடு துரத்தியதால்தான் பெரிய கலைஞரானார்' என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இது ஒப்புதலில்லை. துரத்தியவனுக்கு நன்றி சொல்லும் தர்க்கம் இது. 1940இல் ஜெர்மன் படை பாரிசை நெருங்கியதும் அவர் மறுபடி ஓடினார். முதலில் தெற்குப் பிரான்ஸ், 1942இல் அர்ஜென்டினா. அதே 1940இல் ஸ்பெயின் எல்லையில் போர்ட்போவில் பெஞ்சமின் உயிரை மாய்த்துக்கொண்டார். இருவருமே அகதிகள்தான், ஒருவருக்குத்தான் வழி திறந்தது.

ஃப்ராய்ண்ட் 2000இல் பாரிசில் இறந்தார். அவர் ஆய்வேடு நம்மிடம் இருக்கிறது. அந்த 1.5 சதவீதத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டு, எங்கேயும் போய் முடிக்க முடியாமல்போன ஆய்வேடுகளை எந்த நூலகத்தில் தேடுவது?